மூக்கில் போடும் தடுப்புத் தூள்: வாங்குவதிலிருந்து போடுவது வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியம்மா இதை முதல்முறை பார்த்ததும் கேட்டது, "என்னடா, தாத்தா மாதிரி நீயும் பொடி போட ஆரம்பிச்சிட்டியா?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை. கையில் குட்டி பாட்டில், மூக்கில் வைத்து ஒரு அமுக்கு, லேசாக ஒரு உறிஞ்சு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் மூக்குப்பொடி என்பது புகையிலை, அது உள்ளே போய்க் குத்தித் தும்மலை வரவழைக்கும். நான் போடுவது அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிற தூள். மூக்கின் உட்சுவரில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிய கூழாக மாறி, தூசியும் மகரந்தமும் சவ்வைத் தொடாமல் நிறுத்தி வைக்கப் பார்க்கும்.

நான் டாக்டர் இல்லை. தூசி அலர்ஜியோடு பல வருடம் குப்பை கொட்டியவன், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல், ஒட்டடை அடித்தால் அன்று முழுக்க மூக்கில் நீர், செட்டிரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை போட்டால் அலுவலகத்தில் தூக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தூள் கைக்கு வந்தது. முதல் பாட்டில் முழுக்க வீண். காரணம் தூள் இல்லை, நான். தும்மல் ஆரம்பித்த பிறகு போட்டுவிட்டு, "ஒண்ணும் கேட்கலையே" என்று திட்டிக்கொண்டிருந்தேன். இதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்ட நாலைந்து பேரிடம் விசாரித்தேன், எல்லோரும் அதே தப்பைத்தான் செய்திருந்தார்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்களே, இது அந்த ரகம். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் எப்போது போடுவது, எப்படிப் போடுவது என்பதைப் பற்றியே இருக்கும், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது

பெயர் நீளம்: ஹைட்ராக்சிப்ரொப்பைல் மெத்தில்செல்லுலோஸ். சுருக்கமாக ஹெச்பிஎம்சி. மருந்து உலகில் ஹைப்ரோமெல்லோஸ் என்றும் சொல்வார்கள். மரக்கூழிலோ பருத்தியிலோ இருக்கிற செல்லுலோஸை எடுத்து, வேதி முறையில் கொஞ்சம் மாற்றி, நுண்ணிய தூளாக அரைத்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே இதைச் சாப்பிட்டிருப்பீர்கள். மாத்திரையின் மேல் வழவழப்பான பூச்சு, சைவ கேப்சூலின் ஓடு, கண் வறட்சிக்குப் போடும் சில சொட்டு மருந்துகள் எல்லாவற்றிலும் இது உண்டு. உணவுப் பொருட்களின் அட்டையில் இ464 என்று போட்டிருந்தால் அதுவும் இதுவே.

வேலை செய்கிற விதத்தைப் புரிந்துகொள்ள சப்ஜா விதையை நினைத்துக்கொள்ளுங்கள். வறண்டு கிடக்கிற விதை தண்ணீர் பட்டதும் தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான கூழை உண்டாக்கிக்கொள்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதேபோல இந்தத் தூளும் மூக்கின் சளிப்படலத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்து ஒரு கூழ்ப் படலமாகிறது. காற்றோடு வரும் மகரந்தம் அதில் ஒட்டும். ஒட்டியதும் அதிலிருந்து கசிகிற புரதம் கூழைத் தாண்டிச் சவ்வைச் சேரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் மூக்கின் நுண்மயிர்கள் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் பின்னால் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும், நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம், மிச்சத்தை வயிறு பார்த்துக்கொள்ளும். இந்தத் தள்ளுகிற வேலை நாள் முழுக்க நடக்கிறது. அதனால்தான் ஒருமுறை போட்டால் நாளெல்லாம் நிற்காது. நாலைந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவனியுங்கள், இது மருந்து இல்லை. அலர்ஜியின்போது உடம்பு சுரந்து தும்மலை வரவழைக்கும் ஹிஸ்டமினைத் தடுக்காது, வீக்கத்தைக் குறைக்காது, ரத்தத்தில் கலக்காது. தூக்கமும் வராது. என்னை இதன் பக்கம் இழுத்தது அந்தக் கடைசி விஷயம்தான்.

எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

இங்கேதான் விளம்பரங்கள் கொஞ்சம் விளையாடுகின்றன. "அலர்ஜி, தூசி, புகை, மாசு எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பு" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். அளவைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). புல் வகைகளின் மகரந்தம் பெரும்பாலும் 20லிருந்து 40 மைக்ரான். ரோட்டோரமெல்லாம் வெள்ளைப்பூவோடு நிற்கிற பார்த்தீனியத்தின் மகரந்தம் 20 மைக்ரானை ஒட்டி. மெத்தையில் வாழும் தூசி உண்ணியின் எச்சம் 10 மைக்ரானிலிருந்து தொடங்கும் (நமக்கு அலர்ஜி தருவது பெரும்பாலும் அந்தப் பூச்சி அல்ல, அதன் எச்சம். சாப்பிடும்போது இதைப் படிக்கிறவர்கள் மன்னிக்கவும்). இந்த அளவுள்ளவை பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே சிக்கிச் சவ்வைத் தொடுவதுதான் நம் பிரச்சினை, எனவே அங்கே ஒரு கூழ்ப் படலம் இருப்பது அர்த்தமுள்ளது.

பிஎம் 2.5 என்கிறார்களே, 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும், அது வேறு கதை. வாகனப் புகை, குப்பை எரிக்கும் புகை, பட்டாசுப் புகை இவற்றிலுள்ள நுண்துகள்களில் பெரும்பகுதி மூக்கின் சுவரைத் தொடாமலே காற்றோடு வளைந்து நுரையீரலுக்குப் போய்விடும். மூக்குச் சுவரில் எவ்வளவு கூழ் பூசினாலும், சுவரைத் தொடாத ஒன்றை அது எப்படிப் பிடிக்கும்? புகைக்கு என்95 முகக்கவசம்தான். தீபாவளி இரவிலும் போகிக் காலையிலும் தூளை நம்பி வெளியே போகாதீர்கள்.

ஆஸ்துமா இருப்பவர்கள் இதை இரண்டுமுறை படிக்கவும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இடிமழையோடு வந்த காற்றில் புல் மகரந்தங்கள் வெடித்து நுண்துண்டுகளாகி நுரையீரலுக்குள் போய், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும், உடைந்த மகரந்தம் நிற்காது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் அது இன்ஹேலர், இது தூள். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று இல்லை.

கண் அரிப்புக்கும் இதனால் பயனில்லை. வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கும் பாதிப் பயன்தான். சளிக் காய்ச்சல் கிருமிக்கு எதிராக இதை நம்பாதீர்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வில் மகரந்த அலர்ஜி உள்ள பெரியவர்களுக்குப் பாதிப் பேருக்கு இந்தத் தூளும் மீதிப் பேருக்குப் போலித் தூளும் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகளின் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் நிஜத் தூள் போட்டவர்கள் மற்ற மாத்திரை மருந்துகளைக் குறைவாக எடுத்திருந்தார்கள். ஸ்வீடனில் 8 முதல் 18 வயதுவரை உள்ள 53 பேரிடம் பிர்ச் மர மகரந்தக் காலத்தில் நான்கு வாரம் நடத்திய ஆய்வு 2011ல் வெளியானது. தினமும் மூன்று வேளை தூள், கூடவே அலர்ஜி மாத்திரையும் உண்டு. அதில் மூக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்தன, கண்ணுக்குப் பயனில்லை. காற்றில் மகரந்தம் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்த நாட்களில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது.

ஆக, ஆய்வுகள் சின்னவை, முடிவுகள் மிதமானவை. அற்புதம் என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம், வெறும் ஏமாற்று என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். எனக்கு அந்த ஸ்வீடன் முடிவு பொருந்துகிறது: சாதாரண நாட்களில் மாத்திரையே தேவைப்படுவதில்லை, பரண் இறக்குகிற நாளில் தூள் மட்டும் போதாது.

வாங்கும் முன்

முதலில் உங்கள் பிரச்சினை அலர்ஜிதானா என்று தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து தும்மல், நீர்போல ஒழுகும் மூக்கு, மூக்கிலும் அண்ணத்திலும் அரிப்பு, காய்ச்சல் இல்லை, இந்த இடத்துக்குப் போனால் வருகிறது, அந்த இடத்துக்குப் போனால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் அலர்ஜி. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, மஞ்சள் பச்சையாகக் கெட்டிச் சளி, முகத்தில் வலி, மூக்கில் ரத்தம் என்றால் தூளை மறந்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எதற்கு அலர்ஜி என்று தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை உண்டு. அதற்கு முன் அலர்ஜி மாத்திரைகளைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள், சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், இல்லையென்றால் பரிசோதனை பொய் சொல்லும்.

எல்லா மருந்துக் கடையிலும் இது கிடைக்காது. கடைக்காரரிடம் "மூக்குக்குப் பவுடர்" என்று கேட்டால் அவர் ஒரு மாதிரி பார்ப்பார், அனுபவம். வெளிநாட்டிலிருந்து வருவிக்கிறவர்களும் இணையத்தில் வாங்குகிறவர்களும் அதிகம். அட்டையில் மேலே சொன்ன இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கிறதா, காலாவதித் தேதி இருக்கிறதா, மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் புதினா வாசனையும் சிலவற்றில் பூண்டுத் தூளும் சேர்த்திருப்பார்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் எதுவும் சேர்க்காததை வாங்குவது நல்லது, எரிச்சல் வந்தால் எதனால் என்றாவது தெரியும். பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக் காலியாக இருக்கிறதோ என்று சந்தேகப்படாதீர்கள், உள்ளே இருப்பது ஒரு கிராம்கூட இருக்காது. ஒரு தடவைக்குத் தேவைப்படுவது துளியிலும் துளி.

இன்னொன்று. "செல்லுலோஸ்தானே, வீட்டிலேயே சோளமாவைச் சலித்துப் போட்டால் என்ன, மஞ்சள்தூள் போட்டால் என்ன" என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் தூளின் துகள் மூக்கில் தங்கும் அளவுக்குப் பெரிதாக, நுரையீரலுக்குப் போகாத அளவில் செய்யப்பட்டது. சமையலறை மாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. மாவே பலருக்கு அலர்ஜி தருகிற பொருள் வேறு. மாவு மில்லிலும் பேக்கரியிலும் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

போடும் முறை

படி 1. மூக்கைச் சுத்தம் செய்யுங்கள். மெதுவாக, ஒரு பக்கம் மூடி மறுபக்கம் சிந்துங்கள். சளி நிறைந்த மூக்கில் போட்டால் தூள் சளியின் மேல் உட்கார்ந்து சளியோடே போய்விடும். ரொம்ப அடைத்திருந்தால் உப்புத் தண்ணீரில் கழுவலாம். 250 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. தண்ணீர் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடக் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா பற்றிக் கேரளச் செய்திகளில் படித்திருப்பீர்கள். கழுவிய பிறகு கால் மணி நேரம் விட்டுவிட்டுத் தூள் போடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது போட்டால் கட்டியாகிவிடும்.

படி 2. பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை குலுக்குங்கள், அடிப்பக்கத்தை விரலால் தட்டுங்கள். பிறகு வெளிச்சத்தில் காற்றில் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், மெல்லிய வெள்ளைப் புகைபோல வர வேண்டும். புது பாட்டிலானால் இரண்டு மூன்று முறை அமுக்கினால்தான் வரும். ஒவ்வொரு நாளும் இப்படிச் சோதிக்க வேண்டியதில்லை, வீண்.

படி 3. தலையை நேராக வையுங்கள். அண்ணாந்து பார்க்காதீர்கள், சொட்டு மருந்து போட்ட பழக்கத்தில் எல்லோரும் அண்ணாந்துவிடுகிறோம். அண்ணாந்தால் தூள் நேராகத் தொண்டைக்குப் போய் இருமல் வரும்.

படி 4. வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. விசித்திரமாகத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. கையை மாற்றிப் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்துத் திரும்பும். நடுத்தண்டைப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் வறண்டு புண்ணாகும், ரத்தம் வரும். முனையை உள்ளே திணிக்காதீர்கள், வாசலில் வைத்தால் போதும். மறு துவாரத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள்.

படி 5. அமுக்கும் அதே நேரத்தில் லேசாக உள்ளே இழுங்கள். மல்லிகைப் பூவை முகர்வதுபோல. பொடி போடுகிறவர்கள் "சர்ர்" என்று இழுப்பார்களே, அது இங்கே ஆகாது. பலமாக இழுத்தால் தூள் மூக்கில் தங்காமல் தாண்டிப் போய்விடும். ஒரு பக்கத்துக்கு ஒரு அமுக்கு போதும். உங்கள் பாட்டிலின் தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 6. அப்புறம் கால் மணி நேரம் மூக்கைத் தொடாதீர்கள். சிந்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. கூழ் உருவாக அந்த நேரம் வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் கூச்சமாக இருக்கும், ஒரு தும்மல்கூட வரலாம். வந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மறுபடி போடுங்கள்.

படி 7. முனையைக் காய்ந்த துணியால் துடைத்து மூடி போட்டு வையுங்கள். தண்ணீரில் கழுவவே கூடாது. இந்தத் தூளுக்கு ஈரம்தான் சாவி. முனையில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டாலும் அங்கேயே கூழாகி, காய்ந்து, அடைத்துக்கொள்ளும். குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். சென்னை, கடலூர், நாகை மாதிரிக் கடலோரக் காற்றில் வாழ்கிறவர்கள் மழைக்காலத்தில் பாட்டிலை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு, மாத்திரைப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் கூட வைத்துவிடுங்கள். எனக்கு ஒரு ஐப்பசியில் முழு பாட்டில் கட்டி தட்டிப்போன பிறகு வந்த புத்தி இது.

ஒரு பாட்டில் ஒரு ஆளுக்கு. வீட்டில் எல்லோருக்கும் அலர்ஜி என்றாலும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

எப்போது போடுவது

தூசிக்குள் போவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும்.

காலைத் தும்மல்காரர்கள் இரவு படுக்கும் முன் போட வேண்டும், காலையில் அல்ல. காலைத் தும்மலுக்குக் காரணம் பெரும்பாலும் இரவெல்லாம் முகம் பதித்துக் கிடக்கும் தலையணையும் மெத்தையும்தான். இது புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. இரவு முழுக்க ஒரே தடவை தாங்காது என்பதால் எழுந்தவுடன், போர்வையை மடித்து உதறும் முன், இன்னொரு தடவை. பழைய இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் மாற்ற முடியாதவர்கள் நெருக்கமான நெசவுள்ள உறை போடலாம். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி அளவுள்ள வெந்நீரில் துவைத்தால் உண்ணி சாகும். தூள் போட்டால் மட்டும் போதும், மெத்தையை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தால், ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

மகரந்த அலர்ஜி உள்ளவர்கள் அந்தச் செடி பூக்கத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தினமும் மூன்று வேளை ஆரம்பிப்பது நல்லது. தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலம் பூக்கும்போது மூக்கு ஒழுகுகிறவர்கள் நிறைய. மழைக்குப் பின் பார்த்தீனியம் தழைத்துப் பூக்கிற காலி மனைகளுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் உங்களுக்கு மாதக் கணக்கில் வேலை உண்டு. செடியைப் பிடுங்கப் போகிறவர்கள் தூளோடு கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், அது தோலிலும் அரிப்பு தரும்.

பைக்கில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு தடவை, மேலே முகக்கவசம். ரோட்டுப் புழுதியைத் தூள் பிடிக்கும், புகையைக் கவசம் பிடிக்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் கவசத்தையே எடுப்பேன்.

போகிக்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் பரண் இறக்கும் நாள். வருடத்தின் மிக மோசமான நாள். அன்று என் வரிசை இது: காலையில் மருத்துவர் சொல்லியிருக்கும் மாத்திரை, வேலைக்குக் கால் மணி முன் தூள், தலைக்குத் துண்டு, முகத்துக்குக் கவசம், ஒட்டடைக் குச்சிக்கு முன்னால் ஈரத்துணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி தூள். எல்லாம் முடிந்ததும் குளியல், உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவல், அதற்கப்புறம் எதுவும் போடுவதில்லை. மூக்குக்கும் ஓய்வு வேண்டுமே.

மூக்கைச் சிந்தினாலோ, பலமாகத் தும்மினாலோ, முகம் கழுவும்போது மூக்குக்குள் தண்ணீர் விட்டாலோ படலம் போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி போடுங்கள்.

வேறு மருந்தும் போடுகிறீர்களா

மொமெட்டாசோன், ஃபுளூட்டிகாசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்ப்ரே மருத்துவர் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். தொடர்ந்து தொல்லை தரும் அலர்ஜி மூக்குக்கு அதுதான் முதல்நிலை மருந்து, தூள் அதற்குத் துணை மட்டுமே. முதலில் ஸ்ப்ரே, அரை மணி கழித்துத் தூள். தலைகீழாகச் செய்தால் மருந்து சவ்வைச் சேராமல் கூழிலேயே நின்றுவிடும், தடுப்புச் சுவருக்கு எது மருந்து எது தூசி என்று தெரியாது பாருங்கள்.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகள், அதாவது ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகையறா, இவற்றைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும், சொர்க்கம். ஆனால் தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்து இறங்கியதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும். அதற்காக மறுபடி போடுவோம், மறுபடி அடைக்கும், கடைசியில் தலையணைக்கு அடியில் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாது. இப்படி வருடக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், நானும் எட்டு மாதம் அப்படி இருந்தேன். தூள் இந்தப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை, ஆனால் ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தை முறித்தும் விடாது. அதிலிருந்து வெளியே வர மருத்துவர் உதவி வேண்டும்.

விக்ஸ், தைலம் எல்லாம் மூக்குக்குள் தடவுகிறவர்கள் அதே நேரத்தில் தூள் போடாதீர்கள். எண்ணெய்ப் பசையில் தூள் ஊறாது. இதே எண்ணெய்ப் பசை யோசனையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: மூக்கு வாசலைச் சுற்றி வெளிப்பக்கமாக வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவினால் மகரந்தத்தைப் பிடிக்கும் என்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையே சொல்கிறது. தூள் கிடைக்காத ஊரில், கையில் காசில்லாத மாதத்தில், இது நல்ல யோசனை.

வரக்கூடிய தொல்லைகள்

மூக்கு வாசலில் வெள்ளையாகப் படிந்து காய்ந்தால் அளவு அதிகம் அல்லது முனையை மிக வெளியே பிடிக்கிறீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போகும். உள்ளே கட்டி கட்டியாக வந்தால் ஈர மூக்கில் போட்டிருக்கிறீர்கள். வறட்சி தெரிந்தால் ஒரு வேளையைக் குறையுங்கள், குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அங்கே சளிப்படலத்திலேயே ஈரம் குறைவு, தூள் ஊற எதுவும் இல்லை. போடுவதற்குப் பத்து நிமிடம் முன் சலைன் (உப்புநீர்) ஸ்ப்ரே ஒருமுறை அடித்துப் பாருங்கள். வாசனை குறைவாகத் தெரிகிறது என்று என் மனைவி புகார் சொன்னார், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. ரசம் தாளிக்கும் நேரத்துக்கு முன் போடுவதில்லை என்று அவராகவே ஒரு விதி வைத்துக்கொண்டார்.

ரத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். மூக்கில் அண்மையில் அறுவை செய்தவர்கள், மூக்கினுள் சதை வளர்ச்சி உள்ளவர்கள், அடிக்கடி ரத்தம் வடிகிறவர்கள், சைனஸ் தொற்று நடந்துகொண்டிருப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். குழந்தைகளுக்குத் தாளில் எந்த வயதிலிருந்து என்று போட்டிருக்கும். உறிஞ்சச் சொன்னால் ஊதிவிடுகிற வயதில் எப்படியும் பயனில்லை.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

மனதை நம்பாதீர்கள், நோட்டை நம்புங்கள். தூள் தொடங்கும் முன் ஒரு வாரம், தொடங்கிய பின் இரண்டு வாரம், தினமும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: காலையில் எத்தனை தும்மல், மாத்திரை போட்டீர்களா, இரவு மூக்கடைத்து எழுந்தீர்களா. கூடவே அன்று மழையா, வீடு கூட்டினீர்களா என்று ஒரு சொல். என் நோட்டில் முதல் வாரம் காலைத் தும்மல் பத்துக்குக் குறையவில்லை, மூன்றாம் வாரம் இரண்டு மூன்றில் நின்றது. ஆனால் அதே வாரம்தான் தலையணையையும் மாற்றியிருந்தேன், அதனால் பெருமை முழுவதையும் தூளுக்குக் கொடுக்க முடியவில்லை. நீங்களாவது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டு வாரம் சரியாகப் போட்டும் எண்ணிக்கை அப்படியே இருந்தால் உங்களுக்கு இது ஒத்துவரவில்லை, மேலும் ஒரு பாட்டில் வாங்காதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அந்த மூன்று வாரக் கணக்கைப் பார்த்தாலே அவருக்குப் பாதிக் கேள்வி மிச்சம். மீந்த பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க மனம் வரும், கொடுக்காதீர்கள், உங்கள் மூக்கில் போன முனை அது. குப்பையில் போட்டுவிடுங்கள்.